இன்றைக்கு ஹேமர் இல்லை

எதிரே மேசைமேல் ஒரு எவர்சில்வர் டம்ளர், விளிம்பு நசுங்கிக் கிடக்கிறது. அலமாரியின் மேல்தட்டில் கம்பித் தடுப்புக்குப் பின்னால் நிற்க வேண்டிய டம்ளர் அது. காலையில் தடுப்பைத் தாண்டிக் குதித்துத் தரையில் உருண்ட சத்தம் காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. தெருவிலிருந்து சுண்ணாம்புத் தூசி வாடை வந்துகொண்டே இருக்கிறது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்று போனை எடுத்தேன். விரல் உன் பெயர் வரைக்கும் போய்விட்டது. அப்புறம்தான் உறைத்தது.

அதனால் எழுதுகிறேன். நீ இருந்தவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. மாடிப்படிக்குக் கீழே நின்று கத்தினால் போதும், நீ எட்டிப் பார்ப்பாய்.

நம் தெருவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதிப் பார்த்தால்தான் காலையில் நடந்தது எனக்கே நம்பும்படி ஆகும் போலிருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் எத்தனையோ கம்பெனிகள் இருக்க, நம் தெரு போய் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியின் பின்சுவரில் ஒட்டிக்கொண்டது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை அச்சில் வைத்து அடிக்கும் ராட்சதச் சுத்தியல் அங்கே. ஹேமர் என்றால் இந்தத் தெருவில் கைக்குழந்தைக்கும் தெரியும். அது விழும்போதெல்லாம் தரை ஒரு தரம் குலுங்கும். குழந்தைகள் ஹேமர் அடித்தால் தூங்கும், நின்றால் விழித்துக்கொண்டு அழும். சாமிப் படங்கள் கோணிக்கொண்டே போகும். வெள்ளிக்கிழமை துடைக்கும்போது நேராக்கிக்கொள்வோம். டம்ளர்கள் மெதுவாக விளிம்பை நோக்கி நடந்து வரும். பேச்சை நிறுத்தாமல், சோற்றில் வைத்த கையை எடுக்காமல், இடது கையால் அவற்றை உள்ளே தள்ளிவிடுவோம். நான் வேலை பார்ப்பதும் அதே கம்பெனியில்தான். வார நாளெல்லாம் ஹேமர் பக்கத்தில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்தும் அதன் அடியிலேயே சாப்பிடுகிறவள் நான்.

நீ குடிவந்த முதல் நாள் ஈரத்தலையோடு மாடியிலிருந்து ஓடி வந்தாய். முகத்தில் ரத்தமே இல்லை. நானும் எதிர்வீட்டில் நாஷ்டா கடை போட்டிருக்கும் தேசம்மாக்காவும் உன்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம். அது ஹேமர்தான், ஒன்றும் பண்ணாது, ஒரு மாசம் போனால் நீங்களே கண்டுக்க மாட்டீங்க டீச்சர் என்று தேசம்மாக்கா தைரியம் சொன்னாள். நீ சிரிக்கவில்லை. பள்ளிப்பட்டில் உங்கள் நைனாவின் நிலத்தில் டிராக்டர் ஓடினால்தான் தரை அதிரும் என்றும், அதற்கே வீட்டில் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள் என்றும் சொன்னாய். இங்கே கவர்ன்மென்ட் ஸ்கூலில் புவியியல் டீச்சர். உன் வீட்டுக்காரருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் வேலை. ஒரே மகள். ஊர்முன்னால் உன்னை டீச்சர் என்றும் நீங்க என்றும் சொல்வேன். வீட்டுக்குள் வந்துவிட்டால் வா, போதான்.

தேசம்மாக்கா சொன்னது பலித்தது. ஒரு மாசத்தில் நீயும் இடது கையால் டம்ளரைத் தள்ள ஆரம்பித்துவிட்டாய்.

கம்பெனிக்கு வார லீவு புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஊரே படுத்துத் தூங்கும்போது நம் ஹேமர் அடித்துக்கொண்டிருக்கும், புதனன்று வாயை மூடிக்கொள்ளும். அப்படி ஒரு புதன்கிழமை. நான் வீட்டில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ காய்ச்சலென்று ஸ்கூலுக்கு லீவு போட்டு மாடியில் படுத்திருந்தாய். டம்ளர்கள் கிணுகிணுவென்றன. ஒன்று விளிம்புக்கு வந்தது. நான் அதை உள்ளே தள்ளிவிட்டு ரசத்துக்குக் குழி பறித்தேன். தள்ளிவிட்டதுகூட எனக்குத் தெரியாது, பிறகு யோசித்துத்தான் ஞாபகம் வந்தது.

படியில் தடதடவென்று நீ இறங்கி வந்தாய். காலில் செருப்பில்லை, நைட்டிமேல் போட்ட துண்டு பாதி வழியிலேயே விழுந்துவிட்டது.

"ஏய், இன்னாடி துன்னுக்கினு கீறே? இன்னைக்கு ஹேமர் லீவுடி!"

எனக்குப் புரியவில்லை. சோற்றைப் பிசைந்த கையோடு உன்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். நீ என் கையைப் பிடித்துத் தரதரவென்று தெருவுக்கு இழுத்தாய். வெளியே வந்த பிறகுதான் மண்டையில் ஏறியது. புதன்கிழமை. ஹேமர் இல்லை. அப்படியென்றால் ஆடியது எது? எச்சில் கையோடு நடுத்தெருவில் நின்றேன். முதுகில் மயிர்க்கால் குத்திட்டு நின்றதும், உள்ளங்காலை மண்ணில் வைக்கவே பயந்ததும் நேற்று நடந்தது போலிருக்கிறது.

அதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. எந்தச் சுவரும் விழவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் டிவியில் லேசான நிலநடுக்கம் என்று ஒரு வரி ஓடியது. நான் பூமி ஆடியதற்காக வெலவெலத்துப் போயிருந்தேன். நீயோ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை, வேறொன்றில் உறைந்து போயிருந்தாய். தெருவில் என்னையும் உன்னையும் தவிர ஒரு ஆள்கூட வெளியே வரவில்லை. நீ வீடு வீடாகப் போய்க் கேட்டாய். ஆமாம் டீச்சர், டம்ளர் ஆடுச்சு, ஹேமர்னு நெனச்சோம் என்றார்கள். தேசம்மாக்கா கல்லில் தோசை திருப்பிக்கொண்டிருந்தாளாம். நீ படியில் வந்து உட்கார்ந்து, பூமியே ஆடுது, ஊரே உக்காந்துக்கினு கீது, என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாய். காய்ச்சலில் பிதற்றுகிறாய் என்று நினைத்து நெற்றியில் கைவைத்துப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு உன்னோடு குடித்தனம் நடத்துவது பேஜாராகிவிட்டது. டீ குடிக்க வந்தால் பூமி, துணி காயப்போட வந்தால் பூமி. நாம் நிற்கிற நிலம் ஒரு பெரிய பாறைத் தட்டு, அது நகம் வளர்கிற வேகத்தில் வடக்கே போய் இமயமலையை முட்டிக்கொண்டிருக்கிறது என்றாய். முட்டுகிற இடம் அங்கே இருந்தால் நமக்கென்ன என்று நான் கேட்டேன். தட்டின் நடுவில் இருக்கிறோம் என்று கால் நீட்டிப் படுக்காதே, நடுவிலும் பழைய விரிசல்கள் உண்டு, அங்கே தள்ளுகிற தள்ளு இங்கே சேர்ந்துகொண்டே இருக்கும், என்றைக்காவது ஒரு விரிசல் வழுக்கும் என்றாய். அடியில் என்ன இருக்கிறது என்று யார் போய்ப் பார்த்தார்களாம் என்று கேட்டு உன் வாயை அடைத்தேன். நீ அதை மனசுக்குள் வைத்திருந்து, பிறகு வேறோர் இடத்தில் பதில் சொன்னாய்.

ஒத்திகை ஆரம்பித்தது அப்போதுதான். புதன்கிழமை சாயங்காலம் நீ நடுத்தெருவில் நின்று, "ஹேமர் இல்ல! வெளிய வா!" என்று கத்துவாய். உடனே எல்லோரும் வெளியே ஓடி வந்து, கரண்ட் கம்பிக்கும் சன்ஷேடுக்கும் விலகி நிற்க வேண்டும். அதன் பிறகு நீ வீட்டு வரிசைப்படி கூப்பிடுவாய். அந்தந்த வீட்டார் வந்தாச்சு என்று பதில் சொல்ல வேண்டும். எதற்கு இந்தப் பள்ளிக்கூட அட்டென்டன்ஸ் என்று நான் சிரித்தபோது நீ தெருவே கேட்கச் சட்டென்று கோபப்பட்டாய். பதில் வராத வூட்லதான்டி ஆள் மாட்டிக்கினு இருக்கும், அங்கதான் மொதல்ல போணும் என்றாய்.

முதல் வாரம் வேடிக்கைக்காகத் தெருவே வந்தது. அடுத்த வாரம் பாதி. அதற்கப்புறம் நானும் நாலு பொடிசுகளும். உனக்குப் பூகம்ப டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தேசம்மாக்கா கடையைவிட்டு அசையவே மாட்டாள். நீ போய்க் கெஞ்சுவாய். தலைக்கு மேலே அவள் வீட்டு சன்ஷேடில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல் இருப்பதைக் காட்டுவாய். ஹேமர் இத்தனை வருஷமாக ஆட்டியும் விழாதது இப்போதா விழப் போகிறது என்பாள் அவள்.

"பூமி ஆடுனா ஆடட்டும் டீச்சர். என் இட்லி வேவணும்."

கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நீயும் கூடச் சிரித்துவிட்டுத்தான் வந்தாய். ஆனால் மாடிக்குப் போகாமல் என் வீட்டுக்குள் வந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். ஒரு நாள் நிஜமா ஆடும், அன்னைக்கு இவங்க ஒருத்தராவது எழுந்து வருவாங்களா என்று கேட்டாய். வருவாங்க, நீ மூஞ்சியக் கழுவு என்றேன்.

உன் ஸ்கூல் பிள்ளைகளை எங்கள் கம்பெனிக்கு அழைத்து வந்தாயே, அன்றைக்குத்தான் நீ பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டாய். உலையிலிருந்து சிவப்பாக வந்த இரும்புக் கட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாய். வெளியே வந்த கணத்திலேயே அதன்மேல் கறுப்பாக ஓர் ஆடை படர்ந்தது. ஹேமர் விழுந்ததும் ஆடை பிளந்து, பிளவு வழியே உள்ளிருந்த சிவப்பு தெரிந்தது. நீ பிள்ளைகளிடம், நாம வூடு கட்டி வாழ்றது அந்தக் கறுப்பு ஆடை மேலதான், எரிமலைன்றது அந்தப் பொளவு மாதிரி என்றாய். ஹேமரை விட உரக்கக் கத்திச் சொன்னாய். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். தினமும் பார்க்கிற இரும்பை அன்றைக்கு நானும் அவர்களோடு சேர்ந்து வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன்.

அப்புறம் என் டேபிளுக்கு வந்தீர்கள். அடித்து ஆறவைத்த இரும்புக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இரும்பின்மேல் எண்ணெய் தடவி, ப்ரோப் என்கிற சின்னக் கருவியை வைத்து நகர்த்துவேன். அதிலிருந்து காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய், அடிவரை போய் மோதித் திரும்பும். நடுவில் விரிசல் இருந்தால் பாதியிலேயே திரும்பிவிடும். திரையில் ஒரு முள் எழும்பிக் காட்டிக்கொடுக்கும். நான் விளக்கி முடிக்கும் வரை நீ பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

"பூமிக்குள்ள யாரு போய்ப் பாத்தாங்கன்னு கேட்டியே. நீ இன்னா, இந்த இரும்புக்குள்ள போயா பாத்தே?"

பூமி அதிரும்போது அலைகள் பூமியின் வயிற்றைக் கடந்து மறுபக்கம் போகின்றன, அவற்றில் ஒரு வகை திரவத்துக்குள் நுழையாது, எங்கே நின்றுபோகிறது என்று பார்த்துத்தான் உள்ளே உருகிய உலோகம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், அதற்கும் நடுவில் கெட்டியான ஓர் உருண்டை இருப்பதையும் வேறு அலைகளை வைத்துத்தான் தெரிந்துகொண்டார்கள் என்றாய். எனக்குச் சுருக்கென்றது, சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை நாளாக நான் செய்வது பூமிக்கே செய்கிற வேலை என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அப்புறம் நீ தலையை என் பக்கம் சாய்த்தாய். என் மண்டையில வெச்சுப் பாரேன், எதனா கீதான்னு என்றாய். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் ப்ரோபை உன் நெற்றியோரம் வைத்து, திரையை உற்றுப் பார்ப்பதுபோல் பார்த்து, ஒண்ணும் இல்ல டீச்சர், காலி என்றேன். பிள்ளைகள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நீதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாய். நெற்றியில் ஒட்டிய எண்ணெயைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே சிரித்தாய்.

அதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நீ எங்களைவிட்டுப் போன அன்றைக்கு மதிய வகுப்பு முடித்து ஸ்டாஃப் ரூமுக்கு வந்திருக்கிறாய். தலை வலிக்குது என்று சொல்லியிருக்கிறாய். தண்ணீர் பாட்டிலைத் திறந்தவள் அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டாயாம். நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ஒரு ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் புடைத்து மெலிந்திருந்ததாம், அது வெடித்துவிட்டதாம். முன்னாடியே தெரிஞ்சிருக்காதா சார் என்று உன் வீட்டுக்காரர் கேட்டார். வெளியில ஒரு அறிகுறியும் இருந்திருக்காது, உள்ள ரொம்ப வருஷமா இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

ரொம்ப வருஷமாக. நான் உன் நெற்றியில் ப்ரோப் வைத்த அன்றைக்கும் அது உள்ளே இருந்திருக்கிறது. அந்தக் கருவி இரும்புக்கானது, மனுஷத் தலைக்குள் ஒரு மண்ணையும் காட்டாது, எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் காலி என்று நான் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வேலையில் ப்ரோபைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரே இடத்தை இரண்டு தரம் பார்க்கிறேன்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து கீழே என் கூடத்தில்தான் கிடத்தினோம். மாடிப்படி குறுகல், ஐஸ் பெட்டி ஏறாது. மறுநாள் காலை ஹேமர் அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வோர் அடிக்கும் பெட்டியின் கண்ணாடி அதிர்ந்தது, உன் நெஞ்சுமேல் இருந்த சாமந்தி மாலை அசைந்தது. நீ மூச்சு விடுகிறாய் என்று உன் மகள் வீறிட்டாள். அவளைப் பிடித்துக்கொள்ளப் போன எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஒரு நிமிஷம் நம்பியும்விட்டேன். கம்பெனிக்குப் போன் போட்டு, ஒரு மணி நேரம் நிறுத்தித் தொலையுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கத்தினேன். அவர் பாவம், உடனே நிறுத்த வைத்தார். ஹேமர் நின்றதும் உன் மாலையும் நின்றது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

உன் வீட்டுக்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு மணவாள நகரில் தன் தங்கை வீட்டுப் பக்கம் போய்விட்டார். மாடிக் கதவில் வாடகைக்கு என்று போர்டு தொங்குகிறது. புதன்கிழமைச் சாயங்காலங்களில் தெருவில் யாரும் கத்துவதில்லை. நானும் கத்தவில்லை. உன் குரல் வராத இடத்தில் என் குரலைக் கேட்க எனக்கே பிடிக்கவில்லை.

இன்றைக்குப் புதன்கிழமை. காலை நாஷ்டா நேரம். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். டம்ளர்கள் கிணுகிணுத்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? இடது கையால் தள்ளினேன். எச்சில் கையோடு நீ இழுத்துப்போன அதே நான், ஒத்திகைக்கு ஒரு வாரம்கூடத் தவறாமல் வந்த அதே நான், டம்ளரை உள்ளே தள்ளிவிட்டுக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது தெருவிலிருந்து ஒரு கத்தல்.

"ஹேமர் இல்ல! வெளிய வா! ஹேமர் இல்ல!"

குரல் கீச்சென்று உடைந்து வந்தது, நீ கத்துகிற மாதிரியே. காபி எங்கே விழுந்தது என்று தெரியாது. நான் வாசலுக்கு ஓடி, தெருவைப் பார்க்காமல் மாடிப்படியைத்தான் பார்த்தேன். நீ செருப்பில்லாமல் இறங்கி வருவாய் என்று பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதில் துளி சந்தேகம்கூட இல்லை.

படியில் யாரும் இல்லை. நடுத்தெருவில் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்று கத்திக்கொண்டிருந்தவள் தேசம்மாக்கா.

கதவுகள் திறந்தன. எல்லா வீட்டிலிருந்தும் வந்தார்கள். லுங்கியோடு, சோப்பு நுரையோடு, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, படுத்த படுக்கையான மாமியாரைப் பாயோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாரும் சொல்லாமலே கம்பிக்கு விலகி நின்றார்கள். கால்களுக்கு அடியில் நிலம் சைக்கிள் கேரியர்போல் ஆடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்குள் டம்ளர் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அந்த நேரம்தான் தேசம்மாக்கா வீட்டு சன்ஷேடு, நீ விரல்விட்டுக் காட்டிய அந்த விரிசலோடு, ஒரே துண்டாக அடுப்பின்மேல் இறங்கியது. இட்லிக் குண்டான் சப்பையாகிப் போனது. அவள் தினமும் உட்கார்கிற முக்காலி அடியில் எங்கோ கிடந்தது. தூசி எழும்பி எங்கள் எல்லோரையும் மூடியது.

ஆட்டம் அடங்கியது. தேசம்மாக்கா அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டி நுனியிலிருந்து மாவு சொட்டியது. பிறகு அவள் திரும்பி, நீ நிற்கிற இடத்தில் போய் நின்று, தெருமுனையிலிருந்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட ஆரம்பித்தாள். ஒரு தடவைகூட ஒத்திகைக்கு வராதவள், இட்லித் தட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கிறாள். கூப்பிடக் கூப்பிட வந்தாச்சு, வந்தாச்சு என்று பதில் வந்தது. என் வீட்டைக் கூப்பிட்டாள், நானும் சொன்னேன். அடுத்ததாக, வரிசை தப்பாமல், கூப்பிட்டுவிட்டாள்.

"மாடி வூடு?"

பதில் இல்லை. அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கரண்டியோடு கை அப்படியே நின்றது. தெருவே நிமிர்ந்து அந்தப் பூட்டிய கதவைப் பார்த்தது. பதில் வராத வீட்டைப் பற்றி நீ சொன்னது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒருத்தராவது எழுந்து வருவாங்களா என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நீ கேட்டது எனக்கு மட்டும் தெரியும்.

"வந்தாச்சு" என்றேன்.

தேசம்மாக்கா என்னைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டைக் கூப்பிட்டாள்.